ஏழு ஊற்றுத் தண்ணீர்

"காய்ச்சல் வரப்போகுதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாது, இபு ரஹாயு," என்றார் சுகாதார ஆய்வாளர் விரத்னோ. "மழை எவ்வளவு பெஞ்சுதுன்னு வானிலைக்காரங்க சொல்வாங்க. போன வருசம் எந்தச் சந்துல எத்தனை பேர் படுத்தாங்கன்னு ஆஸ்பத்திரி சொல்லும். தண்ணியில புழு இருக்கா இல்லையான்னு நீங்க சொல்வீங்க. மூணையும் சேர்த்துப் பார்த்து, இந்தச் சந்து சிவப்பு, இது மஞ்சள், இது பச்சைன்னு நாலு வாரம் முன்னாலேயே காட்டிடும்."

"நான் தப்பாச் சொல்லிட்டா?"

"அதுவும் தப்பாச் சொல்லும்." சிரித்தார். "ஆனா நீங்க எதுக்குத் தப்பாச் சொல்லப் போறீங்க? உங்களை நம்பித்தானே இதையே வாங்கியிருக்கோம்."

நானும் சிரித்தேன். மூன்று வருடங்களுக்கு முன், சுகாதார நிலையத்து மாடியில், ஆளுக்கொரு லும்பியாச் சுருள் பலகாரமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து நடத்திய கூட்டத்தில் பேசிய பேச்சு அது. அப்போதே என் மனக்கண்ணில் ஒரு வீட்டு வாசல் வந்து நின்றது. லும்பியாவைக் கடித்தேன், வாசல் போய்விட்டது.

இந்த மழைக்காலத்தில் அது போகவில்லை.

ஜாவாத் தீவின் செமாராங்கில் எங்கள் சந்தில் நாற்பத்து மூன்று வீடுகள். பதினோரு வருடங்களாக வெள்ளிக்கிழமை காலைதோறும் பச்சை மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கோடு அந்த வீடுகளின் குளியலறைகளுக்குள் போய் வருகிறேன். தொட்டித் தண்ணீரில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் கொசுப்புழுக்கள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு நிமிடம் பொறுத்தால் மூச்சு வாங்க மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த வீட்டுக் குளியலறையில் என்னென்ன கண்ணில் படுகிறது என்று நான் வாய் திறந்து சொன்னால் இந்தச் சந்தில் எனக்கு ஒரு சிநேகிதிகூட மிஞ்ச மாட்டாள்.

பார்த்து முடித்ததும் வீட்டு அட்டையில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் புழுக்காரி. "புழுக்காரி வர்றாங்க, வாளியைக் கவுத்து வை" என்று எனக்கு முன்னால் ஓடுவார்கள். முதல் இரண்டு வருடம் அது வேடிக்கையாக இருந்தது. இப்போது குனிந்தால் நிமிர நேரமாகிறது. பதினேழாம் வீட்டுக்காரரிடம் அவருடைய கூண்டுப் புறாவின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவச் சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் புறா செத்து, வேறு புறா வந்து, அதற்கும் வயதாகிவிட்டது. கிண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்துப் பொடி கொடுத்தால் நாற்றம் என்பார்கள். தொட்டியைத் தேய்க்கச் சொன்னால் இப்போதுதான் தேய்த்தேன் என்பார்கள். யாருக்காவது காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் ஒரே குரலில் கேட்பார்கள்: புகை அடிக்க எப்போது வருவார்கள்? புகை, பறக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டியில் இருக்கிற புழு மறு வாரம் கொசுவாகி எழுந்து வரும். இதையும் பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

நாற்பத்து மூன்றில் ஒரே ஒரு வீட்டுக் குளியலறையை மட்டும் நான் பார்த்ததில்லை. அது இபு ஹர்த்தினியின் வீடு; இபு என்றால் எங்கள் ஊரில் அம்மா என்கிற மரியாதை.

முதல் வெள்ளிக்கிழமை நான் போனபோது அவர் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை. கணவர் எங்கள் சந்தின் தலைவர். என்னை இந்த வேலைக்குப் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்ததே அவர்தான். என் மகள் லாரஸுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் இபு ஹர்த்தினி. வாசலில் நின்று, "எங்க வீடு சுத்தமா இருக்கு ரஹாயு, எழுதிக்கோ," என்று அட்டையையும் பேனாவையும் நீட்டினார். மல்லிகைத் தேநீர் கொடுத்தார். அவரைப் பார்த்து, உங்கள் குளியலறைக்குள் வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் நடந்துபோவதற்கே குனிந்துதான் போக வேண்டும். 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வாரமும் அட்டை வாசலுக்கு வந்தது, பேனா வந்தது, தேநீர் வந்தது. எழுதினேன். ஒருமுறை கேட்காமல் விட்ட கேள்வியை அடுத்த வாரம் கேட்பது இன்னும் கஷ்டம். ஐந்நூறு வெள்ளிக்கிழமைகளுக்குப் பிறகு எப்படிக் கேட்பது?

ஏழு வருடம் இப்படிக் கூச்சப்பட்டது நான். நான்கு வருடங்களுக்கு முன் அவர் கணவர் இறந்தார். அதன் பிறகு கூச்சம் அவருக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். முன்னறை எப்போதும் துடைத்து வைத்ததுபோல இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் இருப்பதை அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. போன மழைக்கு முந்தின மழையில் பின்கட்டுக் கூரை சரிந்துவிட்டது, ஆளை வைத்துச் சரிசெய்யக்கூட அம்மா விடமாட்டேன் என்கிறார் என்று அவருடைய மகன் காலிஹ் ஒருமுறை லாரஸிடம் வாய் தவறிச் சொன்னான்.

காலிஹ் கடல் தாண்டிப் பாலிக்பாப்பனில் துறைமுக வேலையில் இருக்கிறான். வருடத்துக்கு இரண்டு முறைதான் வருவான். ஒன்றாம் வகுப்பில் லாரஸின் ரப்பரைத் திருடியவன், இருபத்தேழு வயதில் பெண் கேட்டு வந்தபோது ஒரு பெட்டி நிறைய ரப்பர் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் இபு ஹர்த்தினியும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தார். அன்று முதல் அவர் எனக்குச் சம்பந்தி. வெள்ளிக்கிழமை அட்டை மட்டும் மாறவில்லை.

மணப்பெண்ணை நீராட்ட ஏழு ஊற்றுகளின் தண்ணீர் வேண்டும். மற்றவர்கள் அந்த வாரத்திலேயே ஏழு வீட்டுக் கிணறுகளில் மொண்டு முடித்துவிடுவார்கள். இபு ஹர்த்தினி அப்படிச் செய்கிறவர் இல்லை. உங்காரான் மலை ஊற்று, அவருடைய அப்பா ஊர்ப் பள்ளிவாசல் கிணறு, தெமாக், சாலத்திகா என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் சொல்லி, வாரத்துக்கு ஒன்று இரண்டாக வரவழைத்தார். எங்கள் வீட்டில் இடம் இல்லை என்பதால் தன் வீட்டிலேயே பெரிய மண்தாழியில் சேர்த்து வைப்பதாகச் சொன்னார். முதல் கேனை நான்தான் திரை வரை சுமந்துகொண்டு போய்க் கொடுத்தேன். உள்ளே வாங்கிக்கொண்டார்.

"குளியலறையிலதான் வச்சிருக்கேன், அங்கதான் குளுமை," என்றார். "என் கல்யாணப் பத்திக் துணியைப் போத்தி வச்சிருக்கேன். தட்டுப் போட்டு மூடினா தண்ணிக்கு மூச்சு முட்டும்."

"நல்லது, இபு," என்றேன்.

வாரம் ஒருமுறை தொட்டியைக் கொட்டித் தேய்க்கச் சொல்கிறவள் நான். மூடி இல்லாத பாத்திரத்தில் ஒரு சொட்டுக்கூட நிற்கக் கூடாது என்கிறவள் நான். அதே வாயால் நல்லது என்றேன். அது நீராட்டுத் தண்ணீர். அது வேறு கணக்கு என்று மனம் தானாகவே ஒதுக்கி வைத்துவிட்டது. அந்த முதல் கேன் வந்து ஐந்து வாரம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை யாத்தியின் மகள் நஃபிசாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யாத்தி சந்து முனையில் தஹு என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து விற்கிறவள். நஃபிசாவுக்கு ஏழு வயது. புழுக்காரி என்கிற பெயரை இப்போது சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கூவுகிறவள் அவள்தான். நான் போனபோது அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. ரத்த அணு ஏறும் என்று ஆளாளுக்குக் கொண்டு வந்த சிவப்புக் கொய்யாச் சாறு ஆறு பாட்டில் மேசைமேல் வரிசையாக நின்றது. நான் ஏழாவதை வைத்தேன்.

"இதுக்குமேல கொய்யாவைக் குடிச்சா அவ கொய்யா மரமாயிடுவா அக்கா," என்றாள் யாத்தி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கிவிட்டதாகவும், இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்ததாகவும் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வாரா வாரம் பாக்குறீங்க. எங்க வீட்டு அட்டையில ஒரு தடவைகூட 'உண்டு'ன்னு எழுதினது கிடையாது. அப்புறம் எங்கிருந்துக்கா வந்துச்சு?" என்றாள்.

யாத்தி யாரையும் குறை சொல்லிக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

யாத்தியின் சமையலறையும் இபு ஹர்த்தினியின் குளியலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.

செவ்வாய்க்கிழமை விரத்னோ வந்தார். யாருக்காவது டெங்கு என்று உறுதியானால் அந்த வீட்டைச் சுற்றி இருபது வீடுகளை அவர்களே வந்து பார்ப்பார்கள். மூன்று வருடத்தில் அவருக்குத் தொப்பை விழுந்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பதினாறு சந்துகளுக்கு அவர் ஒருவர்தான். காலையில் வேறொரு சந்தில் ஒரு வீட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிட்டாராம். கால்சட்டையின் கிழிசலைக் காட்டினார்.

"எனக்குப் புரியவே இல்லை, இபு," என்று செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். "பாருங்க, பக்கத்துச் சந்து ரெண்டும் மஞ்சள். உங்க சந்து நாலு வாரமாப் பச்சை. அதனாலதான் மருந்தையும் ஆளையும் அந்தப் பக்கம் அனுப்பினேன். ஆனா முதல்ல விழுந்தது இங்க."

நாங்கள் இருபதில் பத்தொன்பது வீடுகளைப் பார்த்தோம். ஒரு பூச்சாடித் தட்டில் நான்கு புழுக்கள் கிடைத்தன. புறாக் கிண்ணத்தில் மூன்று. விரத்னோ ஒரு புட்டியில் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். "இது போதாது," என்றார். "கொசுவுக்கு ஒரு பெரிய தாய் வீடு எங்கேயோ இருக்கு."

இபு ஹர்த்தினியின் வாசலுக்கு வந்தபோது அவர் வீட்டில் இல்லை. அழைப்பிதழ் கொடுக்கப் போயிருந்தார். ஜன்னல் கம்பியில் செருகியிருந்த அட்டையை விரத்னோ எடுத்துப் புரட்டினார். பின்னால் நூல் கட்டிக் கோத்த பழைய அட்டைகளும் இருந்தன. எல்லாவற்றையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஆசிரியை அல்லவா. இல்லை, இல்லை, இல்லை என்று பக்கம் பக்கமாக என் கையெழுத்து.

"இந்த மாதிரி ஒரு வீடு பதினாறு சந்துலயும் கிடையாது," என்றார் விரத்னோ. "இதைப் பார்க்க வேண்டாம், விடுங்க. நேரமாச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். அவர் அட்டையை மறுபடி கம்பியில் செருகும் வரை வாயைத் திறந்தபடியே நின்றிருந்தேன். வண்டியைக் கிளப்பும்போது திரும்பி, "முதல் கொசுங்க கடிச்சாச்சு. கடி வாங்கினவங்களுக்கு இந்த வாரம் காய்ச்சல் வரும். அவங்களைக் கடிக்கிற கொசு அடுத்த வாரக் கடைசியில ஊரைக் கடிக்கும். அதுக்குள்ள அந்தத் தாய் வீட்டைக் கண்டுபிடிக்கணும். உங்க வீட்டுக் கல்யாணம் என்னிக்கு?" என்று கேட்டார்.

"அடுத்த வாரக் கடைசி," என்றேன். நானூறு பேர் வருகிற கல்யாணம். சந்தை அடைத்துப் பந்தல்.

அன்று மாலையே போனேன். கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அவர் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து தேநீர் போடப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நஃபிசாவைப் பற்றிக் கேட்டார். கண் கலங்கினார். தன் வகுப்பில் அவள் ஒரு நிமிடம்கூட வாயை மூட மாட்டாள் என்றார். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் அவர் பள்ளிக்குப் போய்ச் சும்மா பாடம் எடுத்து வருகிறார். பிறகு பேச்சு விருந்துக்குப் போனது. சோயாத் தேம்பேயா, மாட்டிறைச்சியா, இரண்டுமா. அரை மணி நேரம் அதைப் பேசிவிட்டு எழுந்தேன். திரை ஓரத்தில் ஒரு கொசு, கறுப்பில் வெள்ளைப் பட்டைக் கால்களோடு, துணியில் உட்கார்ந்திருந்தது. அதைக் கையால் அடித்தேன்.

"சனியன்," என்றார் இபு ஹர்த்தினி. "இந்த மழை வந்தா எங்கிருந்துதான் வருதோ."

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர். எந்தச் சிக்கலையும், இப்போதைக்கு ஓடுகிறதா இல்லையா என்றுதான் பார்ப்பார்.

"எட்டு நாள்தானே," என்றார். "நீராட்டு அன்னிக்கு அந்தத் தண்ணி மொத்தத்தையும் லாரஸ் தலையில ஊத்திடப் போறாங்க. தாழி காலியாயிடும். பிரச்சினை தானா முடிஞ்சிடும்."

"எட்டு நாள்ல புழு கொசுவாயிடும், மாஸ்," என்றேன். கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"சரி. நீ போய்க் கேக்குற. அவங்க முகம் மாறிடுது. அப்புறம்? பொண்ணோட வாழ்க்கை முழுக்க அந்த அம்மாகூடத்தான். காலிஹ் பாலிக்பாப்பன்ல இருக்கப் போறான். இவ அந்தத் திரைக்குப் பின்னாலதான் குடித்தனம் பண்ணப் போறா. முதல் நாளே மாமியார் மானத்தை வாங்கினவ மகள்னு பேர் எடுக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் களைப்பாக இருந்தது. என்னைவிட நல்ல காரணம் வைத்திருக்கிறவர்களோடு சண்டை போட எனக்கு வயது போய்விட்டது. படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நஃபிசா மாதிரி சுவரைப் பார்த்து.

வியாழக்கிழமை மத்தியானம் லாரஸ் வேலை பார்க்கிற மருந்துக் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் மூங்கில் விசிறிகளில் நாடா கட்டிக்கொண்டே ஒரு வாய் சோறு, ஒரு நாடா என்று வேலை நடந்தது.

"இந்த வாரம் நம்ம சந்துலேர்ந்து அஞ்சு பேர் காய்ச்சல் மாத்திரை வாங்கிட்டுப் போயிருக்காங்க," என்றாள்.

"யார் யாரு?"

சொன்னாள். தையல்காரரின் மனைவி. புறாக்காரர். பதினெட்டாம் வீட்டு மருமகள், அவள் ஆறு மாத கர்ப்பிணி. யாத்தியின் மாமனார். இருபத்தோராம் வீட்டு இரட்டைகளில் ஒன்று. அவள் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் ஒவ்வொரு வீடாக விளக்கேற்றிக்கொண்டே போனேன். எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஐந்து வீடும் வட்டமாக நின்றன. நடுவில் ஒரு வீடு இருட்டாக இருந்தது.

நான் கையில் வைத்திருந்த விசிறியைக் கீழே வைத்தேன். லாரஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலிஹ் அம்மா வீடுதானே?" என்றாள் மெதுவாக.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என்னோடு பதினாறு வயதிலிருந்து டார்ச் பிடித்துக்கொண்டு வந்தவள். எந்த வாசலில் நாங்கள் உள்ளே போகாமல் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வருவோம் என்று அவளுக்குத் தெரியாதா?

"நான் காலிஹ்கிட்ட போன்ல சொல்லட்டுமா?"

"வேண்டாம். மகன் மூலமாக் கேட்டா அந்த அம்மா உடைஞ்சு போயிடுவாங்க. கேக்கறதுன்னா நான்தான் கேக்கணும்."

"அப்ப கேளு."

"கல்யாணம் முடியட்டும்னு உங்கப்பா..."

"அப்பா சொன்னது இருக்கட்டும்மா. நீ எனக்காகக் கேக்காம இருக்கியா? இல்ல உன் கையெழுத்துக்காகவா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், குரலை உயர்த்தாமல். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கேட்டுவிட்டால் திறப்பது அந்தக் கதவு மட்டும் அல்ல. பதினோரு வருட அட்டையும் திறக்கும். விரத்னோ வருவார், அவருக்கு மேலே உள்ளவர்கள் வருவார்கள். யாத்தி வருவாள். அவர்கள் எல்லோர் முன்னாலும், பார்க்காமலே எழுதினேன் என்று நான் சொல்ல வேண்டும். மகளின் கல்யாணத்தை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அவங்க கோவத்துல கல்யாணத்தை நிறுத்திட்டா?" என்றேன்.

ஒரு நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினாள். "நிறுத்திட்டா நான் அழுவேன்," என்றாள். "ரொம்ப நாள் அழுவேன். ஆனா பதினெட்டாம் வீட்டு அக்கா நாளைக்கும் மாத்திரை வாங்க வருவாங்கம்மா. நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். பாதி விசிறிகள் நாடா இல்லாமல் கிடந்தன.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. பச்சை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டேன். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன். வழக்கமாக முதல் வீட்டிலிருந்து ஆரம்பிப்பேன். அன்று நேராக நடந்தேன். புறாக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தானாகவே கிண்ணத்தைத் தூக்கி, கழுவிவிட்டதாகக் காட்டினார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. தலையசைத்துவிட்டுப் போனேன். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

இபு ஹர்த்தினி கதவைத் திறந்து வைத்திருந்தார். மேசைமேல் அட்டை, அதன்மேல் பேனா, பக்கத்தில் ஆவி பறக்கிற மல்லிகைத் தேநீர். மூலையில் நீராட்டுக்கு வேண்டிய பூத்தட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் நெற்றியில் ஒரு துணி கட்டியிருந்தார்.

"தலைவலி," என்றார். "நேத்து ராத்திரியிலேர்ந்து. அலைச்சல்தான். கண்ணுக்குப் பின்னால குத்துது. உக்காரு, டீ ஆறிடும்."

நான் உட்காரவில்லை. அவர் கையைத் தொட்டேன். கொதித்தது.

யாத்தியின் மாமனார், தையல்காரரின் மனைவி, கர்ப்பிணிப் பெண் என்று நான் எண்ணியதில் இவர் இல்லை. வட்டத்தின் நடுவில், யாரையும் உள்ளே விடாமல், சரிந்த கூரைக்குக் கீழே, அந்தத் தாழிக்கு ஆறடி தூரத்தில் தினம் தினம் குளித்துக்கொண்டிருந்தவரை நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. எழுபது வயதை நெருங்குகிறவர். அவரிடம் மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரைக் கொசுக்களோடு தனியே விட்டு வைத்திருந்தேன்.

"எங்க வீடு சுத்தமா இருக்கு ரஹாயு," என்றார், எப்போதும் சொல்கிற குரலில், பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டி. "எழுதிக்கோ."

பேனாவை வாங்கினேன். கை பழக்கத்தில் அட்டை வரை போனது. போன வாரக் கட்டத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கட்டம். இரண்டு நொடியில் முடிகிற வேலை. முடிந்தால் தேநீர், பிறகு மற்ற நாற்பத்திரண்டு வீடு, பிறகு முழங்காலுக்குத் தைலம்.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

அவர் பேனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, தன்னை அறியாமல், திரையைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பார்வையில் ஒரு தலைமை ஆசிரியை இல்லை. கூரை இடிந்த வீட்டில் தனியாக மழையைக் கேட்டுக்கொண்டிருக்கிற பெண் இருந்தார்.

அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வீங்கின கால்மேல் கையை வைத்துக்கொண்டேன். டார்ச் மடியில் கிடந்தது.

"இபு," என்றேன். "இந்த அட்டையில இருக்கிறது ஒண்ணும் நிஜமில்லை. பதினோரு வருசமாப் பார்க்காமலே எழுதினது நான். தப்பு என்னோடது, உங்களோடது இல்லை. கூரை விழுந்திருக்குன்னு எனக்குத் தெரியும். அதை நான் பார்க்கலை, வெளிய சொல்லவும் மாட்டேன். தண்ணியை மட்டும் பார்க்கணும். முதல் வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கணும், இன்னிக்குக் கேக்கறேன். எழுந்திருங்க இபு, என் தோளைப் பிடிச்சுக்கோங்க. அந்தக் குளியலறைக் கதவைத் திறந்து, என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க."